விண்ணோடியில் இல்லாத காட்சி

‘விண்ணோடி’ ஏழாவது தொடரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு பாகமும் ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்று சொல்லலாம். மற்றபடி வாயைக் கிளறாதீர்கள். நான் பல் செட் செய்து பிழைப்பவன். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பற்றிக் கவலைப்பட்டே காலம் போகிறது, என் வாய் கெட்டுப்போக எனக்கு விருப்பமில்லை.

முதல் தொடர் தொலைக்காட்சியில் வந்தபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று. விண்வெளிக் கப்பலுக்கு ஆபத்து வரும். ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போடுவார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வருவார்கள். அவ்வளவுதான் கதை, அதை இமைக்காமல் பார்ப்போம். கப்பலின் பெரிய கதவு திறக்கச் சரியாக ஒன்பது விநாடி ஆகும். அந்த ஒன்பது விநாடியும் அக்கா என் கையைப் பிடித்து நசுக்குவாள்.

புதுத் தொடரில் கதவு கண்மூடித் திறப்பதற்குள் திறந்துவிடுகிறது. கப்பல் பற்றி எரியும்போது அதன் தலைவி ஒரு ஜன்னலோரம் நின்று, ஆறு வயதில் தன் பூனை ஓடிப்போன கதையைச் சொல்லி அழுகிறாள். எல்லோரும் குசுகுசுவென்றுதான் பேசுகிறார்கள். விளக்கு என்று ஒன்று அந்தக் கப்பலில் கிடையவே கிடையாது. பாதி நேரம் திரையில் என் முகம்தான் எனக்குத் தெரிகிறது, அதைப் பார்க்கவா நான் சந்தா கட்டினேன்?

“புடிக்கலன்னா அணைச்சுட்டு எந்திரிச்சு வாங்களேன். யாராவது கட்டிப் போட்டிருக்காங்களா?” என்பாள் என் மனைவி.

கட்டித்தான் போட்டிருந்தது. கட்டியது அக்கா.

இரண்டேகால் வருடத்துக்கு முன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், தாமதிக்க முடியாது என்றார் டாக்டர். நான் வந்துகொண்டிருந்தேன், இன்னும் நான்கு மணி நேரப் பயணம் பாக்கி. அக்கா கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் நாள் அப்பா போய்விட்டார். அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில், நர்ஸும் மாமாவும் இன்னும் நாலு பேரும் நிற்க, நான் சொன்னேன்: “நீ அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டதாலதான் அப்பா போனாரு.”

அப்பாவின் சட்டையை மடித்துக்கொண்டிருந்த அக்கா, மடித்து முடித்துப் பையில் வைத்தாள். அதன்பிறகு இரண்டு வருடம் எங்களுக்குள் பேச்சில்லை. நல்லது கெட்டது எல்லாம் அவள் கணவர், என் மாமா, மூலமாகவே வந்து போனது. ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். எனக்கு நாக்கு எழவில்லை. வீம்பு பாதி, வெட்கம் பாதி.

பிறகு ஒரு நாள் அவளே அழைத்தாள். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. “டேய், விண்ணோடி திரும்ப வருதாம்டா, பாத்தியா?” என்றாள். என் கையில் இருந்த மெழுகு அச்சு கீழே விழுந்தது. அது விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அன்று முதல் இதுதான் ஏற்பாடு. சனிக்கிழமை காலையில் புதுப் பாகம் வரும். ஞாயிறு காலை அக்கா கூப்பிடுவாள். பாகத்தைப் பற்றி மட்டும் பேசுவோம். அப்பா பேச்சே வராது. பாகம் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது, வைத்துவிடுவோம். இருபது நிமிடம், அதிகம் போனால் இருபத்தைந்து. என் வாரத்தில் அந்த இருபது நிமிடத்துக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

முதல் பாகம் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை மோசம். ஆனால் அக்கா கேட்டபோது, “நல்லாருந்துச்சுக்கா” என்று புளுகினேன்.

“ஆமாடா, நல்லாத்தான் எடுத்திருக்காங்க,” என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் அக்கா லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாக ஏறிக் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். மூன்றாவது தொடரில் ஒரு அதிகாரியின் சட்டையில் பொத்தான் வரிசை மாறியிருந்ததற்கு நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியவள். அவளா இதை நல்லாயிருக்கு என்கிறாள்? சரி, வயதாகிவிட்டது, மனது இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்குப் பிடித்துவிட்டது, அந்தப் பிடிப்பில்தான் எனக்கு ஃபோன் வருகிறது. குப்பை என்று நான் சொல்லி, அவளும் மனம் வெறுத்து நிறுத்திவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை எதைப் பற்றிப் பேசுவோம்? ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு வாராவாரம் பார்த்தேன்.

இதில் எனக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. விண்ணோடி ரசிகர்களுக்கென்று ஒரு இணையதளம் பதினைந்து வருடமாக நடத்துகிறேன். அக்காவிடம்கூடச் சொல்லாமல், ‘பல்சக்கரம்’ என்ற புனைபெயரில் ஒவ்வொரு பாகத்துக்கும் காட்சி காட்சியாகக் கதைச்சுருக்கம் எழுதுவேன். இருநூறு பேர் படிப்பார்கள். இருநூறு பேரும் புதுத் தொடரைக் கரித்துக்கொட்டுவார்கள், ஆனால் ஒருவரும் விடுவதாயில்லை. ‘இந்த வாரம் இன்னும் மோசம், அடுத்த வாரம் பார்ப்போம்’ என்பதுதான் அங்கே வணக்கம் சொல்லும் முறை. ‘கதவு’ என்று ஒருவர் இருக்கிறார். கதவு திறக்கும் விநாடிகளைக் கடிகாரம் வைத்து எண்ணி, வாராவாரம் பட்டியல் போடுவார். அவர் பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஆறாவது பாகம் வந்த சனிக்கிழமை எனக்கு நல்ல வேலை. ஒரு மேடைப் பாடகருக்கு முன்பல் உடைந்துவிட்டது, மாலைக்குள் வேண்டுமாம். பல்லின் நிறம் பொருந்தாமல் மூன்று தடவை மாற்றிச் செய்தேன். மீசையெல்லாம் பல் அச்சு வார்க்கும் சாந்துத் தூளோடு வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து பாகத்தைப் போட்டேன். தலைவியும் கிழட்டு எந்திரப் பொறியாளரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முந்தின பாகத்தில் கப்பலைக் காப்பாற்றக் கீழ்த்தளத்தை அடைக்கச் சொன்னாள் அவள், உள்ளே அவருடைய ஆள் ஒருவன் மாட்டிக்கொண்டான். முப்பத்தோராவது நிமிடத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது நாற்பத்தெட்டாவது நிமிடம். இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றுகொண்டிருந்தார்கள்.

பதினேழு நிமிடம் தூங்கியிருக்கிறேன். திரும்பப் போட்டுப் பார்த்திருக்கலாம், நியாயமாக அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பதினேழு நிமிடத்தை இன்னொரு தரம் சகிக்க எனக்கு உடம்பில் தெம்பில்லை. சண்டை போட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள், நடுவில் பேசித் தீர்த்திருப்பார்கள், வேறென்ன? பழைய தொடராக இருந்தால் எப்படிப் பேசியிருப்பார்களோ அப்படி எழுதிவிட்டேன். கப்பலின் சமையலறை. தலைவி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கிழவர் வந்து எதிரே உட்கார்கிறார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘அடைக்கச் சொன்னது நீங்கள்தான். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இத்தனை நாள் இதை உங்களிடம் சொல்லாமல் இருந்ததுதான் என் தப்பு’ என்கிறார். எழுதி முடித்து, தளத்தில் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை தளத்தைத் திறந்தால் ஒரே அமளி. ‘இந்தத் தொடரிலேயே உருப்படியான ஒரே காட்சி சமையலறைக் காட்சிதான்’ என்று ஒருவர். ‘அந்தக் கிழவரின் முகபாவம் இருக்கிறதே, அடடா’ என்று இன்னொருவர். எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேர் அந்தக் காட்சியைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். எனக்கே நான் தூங்கினேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசியாகக் கதவு எழுதியிருந்தார்: ‘எத்தனையாவது நிமிடம் ஐயா? இரண்டு முறை தேடிவிட்டேன். முப்பத்தொன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை துப்பாக்கிச் சூடு மட்டும்தான் நடக்கிறது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.’

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பதினோரு பேரும் பாகத்தைப் பார்க்கவே இல்லை. என் சுருக்கத்தைப் படித்துவிட்டு, பார்த்த மாதிரி கதை விடுகிறார்கள். வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது.

“டேய், பாத்தியா? அந்தச் சமையல்கட்டு சீன்! எனக்கு அழுகையே வந்துடுச்சுடா,” என்றாள் அக்கா.

சிரிப்பு நின்றுவிட்டது.

“எந்த சீனுக்கா?”

“அதான்டா, அந்தக் கிழவரு வந்து எதிர்ல உக்காருவாரே. எவ்ளோ நேரம் பேசாமலே இருக்காங்க! அப்புறம் அவரு சொல்றாரே ஒரு வார்த்தை. நான் ரெண்டு தடவ பாத்தேன்.”

ரெண்டு தடவையாம்! என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆமாக்கா என்று ஒத்து ஊதிவிட்டால் போயிற்று, அடுத்த ஞாயிறும் ஃபோன் வரும். உண்மையைச் சொன்னால் அவள் குட்டு உடையும், அவமானப்பட்டு ஃபோனை வைத்தாலும் வைத்துவிடுவாள். இன்னும் இரண்டு வருடம் பேசாமல் இருக்க என்னால் ஆகாது. ஆனால் இனி ஒரு பாகத்தையும் என்னால் பார்க்க முடியாது, அதுவும் சத்தியம்.

“அக்கா, அப்படி ஒரு சீனே கிடையாது.”

“என்னடா உளர்ற?”

“நான் நடுவுல தூங்கிட்டேன்க்கா. அந்த எடத்த நானா இட்டுக்கட்டி எழுதிட்டேன். அந்தத் தளத்துல எழுதறது நான்தான்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள், மூச்சு விட முடியாமல்.

“பல்சக்கரம் நீதான்னு எனக்குத் தெரியும்டா மடையா. வேற எவன் தன் பேருல பல்ல வெச்சுக்குவான்? நான் மூணாவது பாகத்தோடயே நிறுத்திட்டேன். அந்தப் பூனைக் கதையோட ஆள விட்டாப் போதும்னு எந்திரிச்சுட்டேன். சனிக்கெழம சாயங்காலம் நீ எழுதறதப் படிச்சுக்குவேன், ஞாயித்துக்கெழம உனக்கே அதைத் திருப்பிச் சொல்லுவேன்.”

“அப்ப எதுக்குக்கா நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்ன?”

“நீதான மொதல்ல சொன்ன? உனக்குப் புடிச்சிருக்கே, கெடுப்பானேன்னு விட்டுட்டேன். நான் நிறுத்திட்டேன்னு தெரிஞ்சா நீ எங்கிட்ட என்னத்தப் பேசப் போற?”

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆறு வாரம் இருட்டில் உட்கார்ந்து பட்ட பாடெல்லாம் ஒரு நொடியில் இறங்கிப்போனது. இரண்டு பேரும் மாறி மாறித் தொடரைத் திட்டினோம். கப்பல் கதவைத் திட்டினோம், விளக்கைத் திட்டினோம், பூனையைக்கூட விடவில்லை. ஆறு வாரமாகச் சேர்த்துவைத்திருந்தது அத்தனையும் கொட்டித் தீர்ந்தது.

“டேய்,” என்றாள் அக்கா, குரலை இறக்கி. “அப்ப அந்தக் கிழவர் சொன்னது நீ சொன்னதா?”

எழுதும்போது எனக்கு அந்த நினைப்பே இல்லை. தூக்கக் கலக்கத்தில் கை போன போக்கில் எழுதினேன். இப்போது அக்காவின் வாயால் கேட்கும்போதுதான் தெரிந்தது, அது யார் பேச வேண்டிய வசனம் என்று.

“ஆமாக்கா,” என்றேன். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது தப்புக்கா. நான் அங்க இருந்திருந்தா நானும் கையெழுத்துதான் போட்டிருப்பேன். உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுக்கா.”

“மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்டா,” என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “ஒரு நாள்கூட மறக்கல. நேத்து அதப் படிச்சுட்டு உங்க மாமாகிட்ட சொன்னேன், அந்தக் கிழவர் மாதிரி எனக்கும் யாராவது வந்து சொன்னா நல்லாருக்கும்னு. இப்பதான் மூச்சு விட முடியுது.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு பழைய பயம் ஒன்று எட்டிப் பார்த்தது. கேட்டுவிட்டேன்.

“இனிமே பாக்கப் போறதில்ல. அடுத்த ஞாயித்துக்கெழம என்னத்தக்கா பேசறது?”

“ஞாயித்துக்கெழம வரைக்கும் எதுக்குடா? அந்தக் கருமம் சனிக்கெழம வருதுன்னுதான ஞாயித்துக்கெழம வெச்சோம்? நாளைக்கே கூப்பிடு.”

திங்கட்கிழமை காலை, கடையைத் திறக்கும் முன்பே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.