மொட்டை மாடியில் முதல்வர் அறை

சந்தேகப்படுவதற்கென்றே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஆமத்தூர்ப் பக்கம் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் நான் விடுதி வார்டன். ஒரு பையன் சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னால் அவன் பையைப் பார்ப்பேன். சிரிக்காமல் சொன்னால் அறையையே சோதிப்பேன்.

அப்படிப்பட்ட என் மூக்கின் கீழேயே 2004 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்துவிட்டது. திங்கட்கிழமை காலை முதல்வர் தன் அறையைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. எல்லாம் மூன்று மாடி ஏறி மொட்டை மாடிக்குப் போயிருந்தது. மேஜை, நாற்காலி, பெயர்ப்பலகை, பேனா ஸ்டாண்டு எல்லாம் கீழே இருந்த அதே அளவில், அதே கோணத்தில். தினசரிக் காலண்டரைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மாட்டி, அன்றைய தேதி வரைக்கும் கிழித்திருந்தார்கள். அதற்கு மேலே தோரணமாக ஒரு பத்தாயிரம் வாலா சரவெடி, கொளுத்தாமல்.

அவ்வளவு வேலையை ஒருவன் தனியாகச் செய்திருக்க முடியாது. ஆனால் முதல்வருக்கு ஒருவன் போதும். "ஒருத்தனுக்கு டி.சி. கொடுத்தா மத்தவன் அடங்குவான்" என்றார்.

அந்தப் பெயரை நான்தான் கொடுத்தேன். மூன்றாம் வருடம் மெக்கானிக்கல், பாண்டி. அவன் அம்மா பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். சரவெடி வேறு எங்கிருந்து வரும்?

"நான் அந்தப் பக்கமே போகல சார்" என்றான் பாண்டி.

அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே மூன்றாவது மாடி வரை போயிருந்தேன். கம்ப்யூட்டர் லேப் வாசலில் ஆறு ஜோடி செருப்புகள் கிடந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் லேபுக்குள் போகவேண்டும். புராஜெக்ட் செய்கிறார்கள் என்று நினைத்து உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். ஐந்து ஜோடி கன்னாபின்னாவென்று கிடந்தன. ஒரு ஜோடி மட்டும் மாடிப்படியைப் பார்த்துத் திருப்பி, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் பாண்டியின் அம்மா இருளம்மாள் வந்தார். வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். விரல் இடுக்குகளில் வெடிமருந்துப் பொடி வெள்ளியாக ஒட்டியிருந்தது. அவரையும் பாண்டியையும் கூட்டிக்கொண்டு முதல்வரும் நானும் மாடிக்குப் போனோம். தோரணத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இரும்பு ஆணியில்ல அடிச்சிருக்கு! சுத்தியலக் கொண்டு அடிச்சாகளா?"

"ஆமாம்மா" என்றேன்.

"இரும்பு உரசுனா பொறி பறக்கும்னு, எங்க கம்பெனியில சேலையில ஊக்கு குத்திட்டுப் போனாலே வெளிய அனுப்பிருவாக. மருந்துக்குப் பக்கத்துல இரும்பத் தட்டுறதுக்கு எம்புள்ளைக்குக் கை வராது சார். இது வெடியத் தெரியாத பய செஞ்ச வேல."

முதல்வருக்குச் சிவகாசிதான் சொந்த ஊர். அந்தப் பேச்சு அவருக்குச் சட்டென்று புரிந்தது. "சரிம்மா, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு முதலில் இறங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நானும் பின்னாலேயே மாடிக் கதவுக்கு வந்தேன். அங்கே இரண்டு ஜோடி செருப்புகள். வெடி இருக்கிற இடம் என்று அம்மாவும் மகனும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். இரண்டு ஜோடியும் மாடிப்படியைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

"ஏம்மா, செருப்பை இப்படி ஏன் விடுறீங்க?"

"பழக்கம் சார். இவன் அப்பா வேல பாத்த ரூம்புல தீப்பிடிச்சப்ப எல்லாரும் வெறுங்காலோட ஓடிட்டாக. வாங்கி ரெண்டு நாளான செருப்புன்னு அவரு குனிஞ்சு, திருப்பி மாட்டிருக்காரு. தப்பிக்க அம்புட்டு நேரந்தான் இருந்துச்சு, அவரு வெளிய வரல." செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டார். "இவன் நடக்கப் பழகுனப்பவே சொல்லிக் குடுத்துட்டேன். எங்கன போனாலும் இப்பிடித்தான் விடுவான்."

பாண்டி செருப்பை மாட்டாமல் நின்றான். ஞாயிற்றுக்கிழமை நான் லேப் வாசலில் நின்று அந்தச் செருப்புகளைப் பார்த்ததை அவன் மேலே இருந்து கவனித்திருக்கவேண்டும்.

கீழே இறங்கியதும் முதல்வர் என்னிடம் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை மாடிப்பக்கம் போனேன்னு சொன்னீங்களே வார்டன், யாரையாவது பார்த்தீங்களா?"

இருளம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

"யாரையும் பார்க்கலை சார்" என்றேன். அது பொய்யும் இல்லை.

பாண்டி தலை நிமிரவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.