பின்சுவரில் ஒரு பிளக்

அடக்கம் முடிந்து வந்தவர்கள் முன்னறையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்சுவரை யாரோ ட்ரில்லால் துளைக்கத் தொடங்கினார்கள். செபத்தை நடத்திய அல்போன்சம்மா மாமி குரலை உயர்த்திப் பார்த்தார். ட்ரில் விடவில்லை. றோசா எழுந்தாள். யாரென்று அவளுக்குத் தெரியும். செத்துப்போன புருசனின் சப்பாத்தையே காலில் மாட்டிக்கொண்டு குசினி அடுப்பைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

புருசனின் தம்பி அருமைராசா, அடக்கத்துக்குப் போட்ட கோட்டோடேயே பனியில் முழங்காலில் நின்றான். பக்கத்தில் ஒரு பெட்டி, மழை படாத மூடி, சுருட்டிய வயர். கியூபெக்கின் லாசாலில் பாதித் தமிழ் வீடுகளுக்கு மின்வேலை செய்தவன். அண்ணன் வீட்டுக்கு மட்டும் அவனுக்கு நேரம் கிடைத்ததில்லை.

"என்ன செய்யிறாய்?"

"வெளியில பிளக் போடுறன், அண்ணி. குசினிக் கரண்டை நிப்பாட்டிட்டன்."

"ஆருக்கு?"

அவன் ட்ரில்லை மறுபடி சுவரில் ஊன்றினான்.

குளிர்காலம் முழுக்க அவள் புருசன் பேரின்பநாதன் விடியமுன் எழும்புவார். குசினி யன்னலைக் கொஞ்சம் திறந்து செம்மஞ்சள் வயரை வெளியே விடுவார். இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேல் ஜாக்கெட்டைக் கொழுவிக்கொண்டு போய், எஞ்சினைச் சூடாக்க அந்த வயரைக் காரில் கொழுவிவிட்டு வருவார். இல்லாவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகாது, டவுன்டவுன் ஹோட்டல் வேலை பிந்திவிடும். யன்னலை இரவு முழுக்கத் திறந்துவிட்டால் வீடு விறைத்துப்போகும். வெளியே ஒரு பிளக் இருந்திருந்தால் படுக்கமுன்னமே கொழுவியிருப்பார். போன திங்கள் வயரைப் பிடித்தபடியே ஐஸில் சறுக்கினார். பின்மண்டை படியில் அடிபட்டது.

"கோடையில உன்ர அண்ணர் கேட்டவர். பேந்து பாப்பம் எண்டாய். மார்கழியில கேட்டவர். குளிருக்க சுவர் வினைல் வெடிக்கும், ஏப்பிரல் வரட்டும் எண்டாய். இப்ப வெடிக்காதோ?"

வெடித்தது. துளையிலிருந்து ஒரு கீறல் வெள்ளை வினைலில் யன்னலடிவரை ஓடியது. அருமைராசா ட்ரில்லை எடுக்கவில்லை. துளையை முடித்தான்.

"நான் மாட்டன் எண்டே சொன்னனான், அண்ணி? அவசரமெண்டால் வேற ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்தானே."

றோசாவுக்குக் கோபம் உச்சிவரை ஏறியது. அந்த மூடியைத் தூக்கி அவன் மூஞ்சையில் எறிய வேண்டும் போலிருந்தது.

"கூப்பிட்டனான்!"

முன்னறையில் செபம் நின்றது. நிற்கட்டும்.

"ஐப்பசியில ஒரு கியூபெக்காரன் வந்து அளவும் எடுத்தவன். கொண்ணர் அவனுக்குக் கோப்பி குடுத்து, மெர்சியெண்டு நன்றி சொல்லி அனுப்பிப்போட்டார். சொந்தத் தம்பி இருக்கேக்க பிறத்தியான் வந்து சுவரைத் துளைச்சால் அருமை மனம் நோவானாம். உன்ர மனம்! உன்ர மனம் நோகக்கூடாதெண்டு அந்த மனிசன் சாரத்தோட ஐசில நடந்தது!"

செத்தவர்மேலும் அவளுக்கு ஆத்திரம்தான். தம்பியை நோகடிக்கத் தெரியாத மனிசனுக்குப் பெண்சாதியைத் தனியே விட்டுப்போக மட்டும் தெரிந்திருந்தது.

அருமைராசா வாயைத் திறந்தான். என்னாலதான் என்ற ஒரு சொல், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவன் பெட்டியைச் சுவரில் வைத்து அமத்தினான். விறைத்த விரல்களிலிருந்து ஒரு திருகாணி பனிக்குள் விழுந்தது. குனிந்து தேடினான். கையில் அகப்பட்ட பிறகும் தேடிக்கொண்டிருந்தான்.

"முடிச்சிட்டுப் போ," என்றாள். "முன்பக்கம் வராத."

பொழுதுபட எல்லாரும் போனபின் றோசா குசினிக்கு வந்தாள். வெளியே பிளக் நேராக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருந்தது. எடுத்து ஓட்ட ஆளில்லாத காரை அதில் கொழுவியும் விட்டிருந்தான். யன்னலை இறுக்கிச் சாத்தி, ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தான். அந்தக் குளிர்காலத்தில் முதல்தடவையாகக் குசினி சூடாக இருந்தது.

றோசா டேப்பை நகத்தால் கிளப்பி முழுவதையும் உரித்தெறிந்தாள். வயர் போகிற அளவுக்கு யன்னலைத் திறந்துவிட்டு, அதன் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.