பதினைந்தாவது மட்டை

பாராட்டு விழாவுக்காக அகரத்துக் கல்யாண மண்டப வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் யுவராணிக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. "சதியால் வீழ்த்தப்பட்ட எங்கள் கோல்ஃப் சிங்கமே!" என்று போட்டு, அவள் படத்துக்குக் கீழே ஊரிலுள்ள மாமன் மச்சான் தலைகளெல்லாம் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. சதியாம், சதி! அதைச் செய்த ஆள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அவள் பக்கத்தில்தான் காரை விட்டு இறங்கியது. பெற்ற தாய் சொர்ணலட்சுமி.

கோல்ஃபில் இரண்டு வருடம் தொடர்ந்து தேசிய சாம்பியன் யுவராணி. மூன்றாவது தடவையும் ஜெயித்தால் வெளிநாட்டுப் போட்டிகளுக்கு நேராகப் போய்விடலாம். போன வாரம் கோயம்புத்தூரில் கடைசி நாள் ஆட்டம், அவள்தான் முன்னிலை. அதுவரை மகள் ஆடி ஒருநாளும் பார்த்திராத அம்மா அன்றைக்கென்று கிளம்பி வந்தாள். கோயில் விபூதியைக் கொண்டுவந்தாள், சரி. அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

ஆட்டக்காரர் பைக்குள் பதினாலு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. அதுதான் விதி. அம்மாவுக்கு அது தெரியாது. பைக்கு விபூதி பூசும்போது மட்டைகளை எண்ணிப் பார்த்திருக்கிறாள். பதினாலு! மொய் எழுதினாலும் ஒரு ரூபாய் சேர்த்து எழுதுகிறவள், சீர்த்தட்டு வைத்தாலும் ஒற்றைப்படையில் வைக்கிறவள், மகளை மட்டும் ரெட்டைப்படையோடு அனுப்புவாளா? கையோடு கொண்டுவந்திருந்த பழைய சின்ன மட்டையை ஒருவருக்கும் தெரியாமல் உள்ளே செருகிவிட்டாள். நத்தம் ரோட்டில் இருந்த ஒரு ரிசார்ட்டின் கோல்ஃப் மைதானத்துக்கு அவள் களை பறிக்கப் போன காலத்தில், நூர் முகமதுவின் பழைய இரும்புக் கடையில் வாங்கி, எட்டு வயது மகளின் உயரத்துக்கு அறுத்துக் கொடுத்த மட்டை அது. யுவராணி முதன்முதலில் மாங்கொட்டையை அடித்துப் பழகியது அதில்தான். ராசியான மட்டையாம்.

குட்டையாக இருந்ததால் மற்ற மட்டைகளுக்குள் அது முங்கிப்போனது. பை தூக்குகிற விக்னேஷ்குமார், சித்தி மகன், காலையிலேயே எண்ணி முடித்திருந்தான். நாலாவது குழியில் ஒரு மட்டையை உருவும்போதுதான் யுவராணியின் கையில் அது தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தவள் மற்றவற்றோடு சேர்த்து எண்ணினாள்: பதினைந்து.

"அக்கா, ஒரு ஈ காக்கா பாக்கல" என்று கிசுகிசுத்தான் விக்னேஷ். "அந்தப் புதருக்குள்ள விட்டெறிஞ்சிட்டு வாரேன்."

"வாயை மூடுறா."

இந்த ஆட்டத்தில் பின்னாலேயே ஓடிவந்து விசில் ஊத ஒருத்தரும் கிடையாது. தன் தப்பைத் தானே சொல்ல வேண்டும். கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள். நடுவர் ஜெஸ்ஸி முகம் வாடிப்போய், விதிப்படி முதல் இரண்டு குழிக்கும் குழிக்கு ரெண்டாக நாலு அடி அபராதம் போட்டார். குறைந்த அடியில் முடிக்கிறவருக்குத்தான் பட்டம்; பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியும், கடைசியில் ஒரே ஒரு அடி கூடிப்போய்த் தோற்றாள் யுவராணி.

தோற்றதைக்கூட விழுங்கிவிடலாம். அம்மா அதற்கப்புறம் செய்ததை எப்படி விழுங்குவது? உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, தன் அண்ணன் ஈஸ்வரனிடம், "அந்த ரெஃப்ரி பொம்பள வேணும்னே எம்மகளத் தோக்கடிச்சிட்டா" என்று சொல்லிவைத்தாள். மாமாவுக்கு அது போதாதா? வீடியோ போட்டார். அவருடைய ஆட்கள் ஜெஸ்ஸியின் படத்தைப் போட்டு வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். இன்று காலையில் ஜெஸ்ஸியே பேசினார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா, யுவராணி. அழுதுக்கிட்டே இருக்கா. நீங்க உண்மையச் சொன்னாப் போதும்" என்றார். போனை வைத்த பிறகும் யுவராணிக்குக் காது சுட்டது.

மத்தியானம் அடுப்படியில் வைத்துக் கேட்டுவிட்டாள். "சாயங்காலம் மேடையில நீயே சொல்லணும். நான்தான் வச்சேன்னு சொல்லு."

"நான் என்னடி கொலையா பண்ணிட்டேன்? நல்லதுக்குத்தான வச்சேன்! ஊரு முன்னாடி எம் மூஞ்சில கரியப் பூசப் பாக்குறியா?"

"அந்தம்மா மூஞ்சில நீ பூசிட்டு வந்திருக்கியே, அது என்ன சந்தனமா?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்று கரண்டியை வீசிவிட்டுப் போனாள் அம்மா.

"அப்ப நான் சொல்றேன்!" என்று அவள் முதுகுக்குப் பின்னால் கத்தினாள் யுவராணி.

இப்போது மேடையில் ஈஸ்வரன் மாமா தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுப் புள்ளையத் தோக்கடிச்ச அந்த ரெஃப்ரிய நாங்க சும்மா விடமாட்டோம்!" விசில் பறந்தது. பொன்னாடை மேல் பொன்னாடையாகப் போர்த்தினார்கள். யுவராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள்.

முன்வரிசையில் அம்மா. கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் பெயர் யுவராணியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் பை யாருடையது? யார் செருகினாலும், யார் எண்ணத் தவறினாலும், ஆட்டக்காரரின் பைக்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு. இத்தனை வருடம் அப்படி ஆடித்தான் அவள் சாம்பியன் ஆனாள்.

"சதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம் பைக்குள்ள ஒரு மட்டை கூடுதலா இருந்துச்சு. நான்தான் ரெஃப்ரியக் கூப்பிட்டுச் சொன்னேன். அவங்க பண்ணது சரி. தப்பு என்னோடது."

 பின்வரிசையிலிருந்து ஒருத்தன் சிரித்தான். "அப்ப இம்புட்டு நாளும் திருட்டு ஆட்டம் ஆடித்தான் ஜெயிச்சுச்சாக்கும்?"

அவன் வாயை மூடுவதற்குள் சொர்ணலட்சுமி எழுந்துவிட்டாள். கைப்பை தரையில் விழுந்தது.

"ஏலே, எவன்டா அவன்? எந்திரிச்சு நில்லுடா! எம்மக திருடியா? நான் வச்சேன்டா! இந்தக் கையால நான் வச்சேன்! ரெட்டைப்படையா இருக்கேன்னு ஒண்ணு சேத்து வச்சேன். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்ச நிமிசமே அவளாக் கையத் தூக்கிச் சொன்னா. உங்கள்ல ஒருத்தன் சொல்லுவீங்களாடா?"

"சொர்ணம், பேசாம உக்காரு" என்றார் மாமா.

"நீ உக்காருண்ணே! முதல்ல அந்த ஃப்ளெக்ஸ அவுத்துட்டு வந்து உக்காரு!"

மேடைப்படியில் தடதடவென்று ஏறி வந்து மகளின் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் நின்றது, கோபமும் குறையவில்லை.

"இப்பக் குளுந்துச்சாடி?"

"இல்ல" என்றாள் யுவராணி. உண்மையிலேயே குளிரவில்லை. நாலு அடி போனது போனதுதான், பட்டம் போனது போனதுதான். அந்தக் குழந்தை ஒரு வாரமாக அழுததும் அப்படித்தான்.

கீழே நின்ற விக்னேஷைக் கூப்பிட்டு, போனை எடுத்து வீடியோ பிடிக்கச் சொன்னாள். தோளில் கிடந்த பொன்னாடைகளை உருவி நாற்காலியில் போட்டாள். மைக்கை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"முதல்ல இருந்து சொல்லு. ஜெஸ்ஸி மேடத்துக்கு அனுப்பணும்."

அம்மா அவளை முறைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு போனை நேராகப் பார்த்தாள்.

"எம்பேரு சொர்ணலட்சுமி. அந்த மட்டைய வச்சது நான். பொய் சொன்னதும் நான்தான்."