வெறும் வயிற்றில் வந்த குளம்

எங்கள் ஊர்க் குளம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரவேண்டும். அதாவது, முந்தின ராத்திரியிலிருந்து யாரும் அதில் துணி துவைக்கக் கூடாது, மாடு குளிப்பாட்டக் கூடாது. காலையில் குளம் நகராட்சிப் பரிசோதனைக் கூடத்துக்கு நடந்து வந்து, கூப்பிடுகிற வரை தரையை நனைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அந்த மட்டில் மரியாதை தெரிந்த குளம்.

ஏற்கெனவே இரண்டு தடவை தேறவில்லை. மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் அந்த இடத்தில் பேருந்து நிலையம் கட்டிவிடுவார்கள். தண்ணீர் சோதிக்கும் மங்கையர்க்கரசிக்கு அதை நினைத்தாலே பொறுக்கவில்லை. நீச்சல் பழகும்போது அவளை ஒருதரம்கூட முழுகவிடாத குளம் அது. பாழாய்ப்போன பஸ் ஸ்டாண்டு ஒன்றுதான் குறைச்சலாக்கும்!

"அண்ணாச்சி, ஒண்ணும் சாப்பிடலைல்லா?"

"பச்சத் தண்ணி பல்லுல படல, தாயி," என்றது குளம்.

வாயோரத்தில் சோப்பு நுரை.

"பின்ன இது என்னது?"

குளம் தலையைக் குனிந்துகொண்டது. "விடியக்காலம் நாலு பேரு ஜமுக்காளம் அலச வந்துட்டாவ. வந்தவியள எப்படிப் போகச் சொல்ல?" என்று ஒரு பாட்டிலை நீட்டியது. "மேலத்தெரு கிணத்து மதினி குடுத்தாவ. அவிய தண்ணிய எம்பேருல பாத்திரு."

கள்ளத்தனம்தான். மங்கையர்க்கரசி அங்குமிங்கும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். சோதித்தால் கிருமி இல்லை, கலங்கல் இல்லை, இளநீர் தோற்றது.

பொறியாளர் ஞானதிரவியம் வந்து ஒரு மடக்குக் குடித்தார். பிறகு இன்னொரு மடக்கு.

"தேறியாச்சு. ஆனா இது கிணறுல்லா?"

"ஆமா சார், கிணறுதான்," என்று குளம் முந்திக்கொண்டது.

தண்ணீர் எதுவோ அதுவே ஆள் என்பது சட்டம். அன்று மாலையே குளத்தின் நடுவில் இரண்டு கல்தூண் நட்டு உருளையும் கயிறும் மாட்டினார்கள். ஊருக்கென்று ஒரு குளம் இருந்தாக வேண்டுமே, அந்தப் பதவி மேலத்தெருக் கிணற்றுக்குப் போனது. பழைய இரண்டு தோல்வியும் பதவியோடு சேர்ந்தே போயின.

கிணற்றில் யாராவது ஜமுக்காளம் அலசுவார்களா? அலசுகிற கூட்டமெல்லாம் மேலத்தெருவுக்குக் கிளம்பிற்று. அடுத்த பரிசோதனைக்கு மதினி வாயெல்லாம் நுரையோடு வந்தாள். தேறவில்லை.

மங்கையர்க்கரசி அழுதே விட்டாள். "என்னாலதானே மதினி!"

"அட, போட்டும் விடு," என்றாள் மதினி. "எத்தன காலம் வாளி மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கெடக்க? நாலு சனம் வந்துபோகட்டும்."

தை மாதம் கிணற்றுக்குள் பேருந்து நிலையம் திறந்தார்கள். வண்டிகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இறக்கி ஏற்றுகிறார்கள். மங்கையர்க்கரசி தினமும் அங்கேதான் புளியங்குடி வண்டி பிடிக்கிறாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தால், மேலே வந்து சேரும் வரை மதினியோடு பேசிக்கொண்டே வருவாள்.