உமிக்கண்ணாடி

ஆராய்ச்சிக்கூடத்தின் பின்வாசலில் லோடு ஆட்டோ ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. சுடர்விழியின் கையிலிருந்த பிப்பெட் ஆடி, ஒரு சொட்டு விழ வேண்டிய இடத்தில் மூன்று சொட்டு விழுந்தது. மூன்று நாள் வேலை அதோடு போயிற்று.

எரிச்சலோடு போய்க் கதவைத் திறந்தாள்.

“உமி வந்திருக்குங்க. மூணு மூட்டை. ஆஷிகாங்கறவங்களுக்கு,” என்றார் ஓட்டுநர் அன்சார்.

வேறு யாருக்கு வரும்? ஒரு வருடமாக அந்தக் கூடத்துக்கு எது வந்தாலும் ஆஷிகாவுக்குத்தான் வந்தது. பார்சல், பாராட்டு, பேராசிரியரின் போன், எல்லாமே.

“அவ ஊர்ல இல்ல. மாமா பொண்ணு நிக்காஹ்னு நாகப்பட்டினம் போயிருக்கா. இப்படி ஓரமா இறக்குங்க.”

அன்சார் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சுடர்விழி சும்மா திரும்பியிருக்கலாம். கை கேட்கவில்லை. ஒரு மூட்டையின் கட்டை அவிழ்த்து ஒரு பிடி அள்ளினாள்.

முகத்தருகே கொண்டுபோக வேண்டிய தேவையே இருக்கவில்லை. நெல்லை ஊறவைத்து அவித்த வாடை தூக்கலாக அடித்தது. உமி பழுப்பேறி, வாய் பிளந்து கிடந்தது.

புழுங்கல் நெல் உமி.

குடவாசல் பக்கம் பிறந்து, அம்மா நீலாம்பாளோடு மில் வாசலில் முறைக்குக் காத்திருந்து வளர்ந்தவளுக்கு இதைச் சொல்ல மைக்ராஸ்கோப் வேண்டாம். ஆஷிகாவுக்குத் தேவை பச்சை நெல் உமி. அது அவளுக்கே தெரியாது என்பதும் சுடர்விழிக்குத் தெரியும்.

ஆஷிகாவின் ஆராய்ச்சி இதுதான். நெற்பயிர் தண்ணீரில் கரைந்திருக்கும் மணல்சத்தை வேர் வழியாகக் குடித்து, மேலே கொண்டுபோய் உமியில் கண்ணாடியாகப் படிய வைக்கிறது. மனிதன் கண்ணாடி செய்ய ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் உலை வேண்டும். பயிருக்கு மார்கழிப் பனியும் தை வெயிலும் போதும். உமிக்குள் இருக்கும் ஏதோ ஒரு புரதம்தான் அந்த வேலையைச் செய்கிறது என்பது ஆஷிகாவின் கணிப்பு. அதைப் பிரித்தெடுத்து ஒரு கரைசலில் விட்டாள். ஆறாம் நாள் தட்டின் அடியில், நகத்தைவிட மெல்லிய கண்ணாடித் தகடு படிந்திருந்தது. உலையும் இல்லை, நெருப்பும் இல்லை.

நெல்லை அவித்துவிட்டால் அந்தப் புரதம் செத்துப்போகும். அவித்த முட்டையில் குஞ்சு பொரிக்குமா?

முதல் முறை தகடு வந்தது என்றால் அந்த உமி சுடர்விழியின் வீட்டு உமி. பொங்கலுக்குப் பச்சரிசி அரைத்தபோது மிஞ்சிய ஒரு மூட்டை. அது தீர்ந்ததும், ஆஷிகா தன் பெரியப்பா ஜெய்னுலாபுதீனின் மில்லுக்குச் சொல்லி மூன்று மூட்டை வரவழைத்தாள். எந்த ரகம், எந்த ஊர் வயல் என்று எல்லாம் கேட்டாள். அவித்ததா அவிக்காததா என்று மட்டும் கேட்கவில்லை. டெல்டாவில் எந்த மில்லிலும் உமி என்று கேட்டால் புழுங்கல் உமிதான் ஏற்றிவிடுவார்கள்.

போன் அடித்தது. ஆஷிகாதான். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம்.

“அக்கா, உமி வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“பாத்தீங்களா? நல்லா இருக்கா?”

சுடர்விழி கையிலிருந்த உமியைப் பார்த்தாள்.

“உமி உமி மாதிரிதான் இருக்கு.”

“தேங்க்ஸ்க்கா. உங்களுக்குப் பிரியாணி எடுத்துட்டு வர்றேன். ரசியா பெரியம்மா கைப்பக்குவம்.”

போனை வைத்துவிட்டு மூட்டையை இறுகக் கட்டினாள் சுடர்விழி.

நியாயமாகப் பார்த்தால் அந்த ஆராய்ச்சியே அவளுடையது. போன வருடம் கேண்டீனில் டீ குடிக்கும்போது அவள்தான் சொன்னாள். “எங்கம்மா களத்துல நெல்லு தூத்திட்டு வந்தா ரெண்டு நாளைக்குக் கையெல்லாம் அரிக்கும். சுணைன்னு சொல்வாங்க. அவ்வளவும் கண்ணாடி தெரியுமா? பொடிப்பொடிக் கண்ணாடி.” சிரித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள். ஆஷிகா சிரிக்கவில்லை. மறுநாளே பேராசிரியர் நாகநாதன் சாரிடம் போய் நின்றாள். “சுடர்விழி அக்கா சொன்னதுதான் சார்,” என்று சொல்லத்தான் செய்தாள். ஆனால் திட்ட அறிக்கையில் சார் போட்டது ஒரே ஒரு பெயர்.

சுடர்விழியின் ஆராய்ச்சி நத்தை ஓடு. வயல் நத்தை அடுக்கடுக்காக ஓடு கட்டுவதைப் போல ஒரு பூச்சை உருவாக்க வேண்டும். ஐந்து வருடமாக முயல்கிறாள். காய்ந்ததும் விரிசல் விட்டுவிடுகிறது. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இளவழகனுக்கு இது தினசரி வேடிக்கை.

“ஏம்மா சுடர், உன் நத்தை இன்னும் வீடு கட்டி முடிக்கலயா? பக்கத்து மனையில கிரகப்பிரவேசமே ஆயிடுச்சு.”

அவளும் கூடச் சிரிப்பாள். அன்று சாப்பாடு இறங்காது.

மூன்று வாரத்தில் தேர்வுக் குழு வருகிறது. ஜெர்மனி ஆய்வகத்தில் இரண்டு வருட வேலை, ஒரே ஒரு இடம். நாகநாதன் சாருக்கு அடுத்த மாதம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், அதோடு ஓய்வு. அவர் போய்விட்டால் விரிசல் விட்ட நத்தை ஓட்டை யார் சிபாரிசு செய்வார்கள்? ஆஷிகாவுக்கு இது இரண்டாம் வருடம்தான். சுடர்விழிக்கு இதுவே கடைசி வண்டி.

ஆஷிகா திரும்பி வந்து வேலையைத் தொடங்கினாள். ஆறாம் நாள் தட்டை எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றாள். தகடு இல்லை. அடியில் கஞ்சி போல ஏதோ கலங்கிக் கிடந்தது.

“அக்கா, இங்க வாங்களேன்.”

சுடர்விழி போய்ப் பார்த்தாள். வயிற்றுக்குள் இதமாக ஏதோ பரவியது. தன்னைப் பற்றியே கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனாலும் இதமாகத்தான் இருந்தது.

“எல்லாம் போன தடவை மாதிரியேதான்க்கா செஞ்சேன். என்னவா இருக்கும்?”

“தண்ணியா இருக்கும். ஃபில்டர் மாத்தி எத்தன மாசம் ஆச்சு?”

ஆஷிகா நம்பினாள். ஃபில்டரை மாற்றினாள். மறுபடி ஆறு நாள், மறுபடி கஞ்சி. தண்ணீரைத் திருச்சிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினாள், அறையின் சூட்டைக் குறைத்தாள், ராத்திரி தூங்காமல் கண் சிவந்து வந்தாள். ஒரு நாள் மேஜையில் தலை கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தபோது சுடர்விழி தோளைத் தொட்டாள்.

“விடு ஆஷி. எனக்கு அஞ்சு வருஷமா இப்படித்தான்.”

“நீங்க எப்படிக்கா தாங்கறீங்க?”

அந்தக் கேள்வியில் பொய் இல்லை. அதனாலேயே அது சுடர்விழியைச் சுட்டது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்போது நாகநாதன் சார் உள்ளே வந்து, சுடர்விழியின் மேஜையைத் தாண்டி நேராக ஆஷிகாவிடம் போனார். “அழாதம்மா. உன் திறமை எனக்குத் தெரியும்.” சுடர்விழி எழுந்து டீ குடிக்கப் போய்விட்டாள்.

குழு வந்தது. மூன்று பேர். சுடர்விழி காலையிலேயே பேசி முடித்துவிட்டாள். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், ஒரு கேள்விகூட வரவில்லை. மதியம் ஆஷிகா உள்ளே போனாள். கதவு சாத்தியே கிடந்தது. கால் மணி நேரத்தில் கையை விரித்துக்கொண்டு வந்துவிடுவாள் என்று நினைத்தாள் சுடர்விழி. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு முறை கைதட்டல் கேட்டது.

கதவு திறந்து நாகநாதன் சார் அவளைக் கூப்பிட்டார். குழு போய்விட்டிருந்தது. மேஜையில் ஒரு கண்ணாடித் தகடு. பக்கத்தில் ஒரு விண்ணப்பத் தாள்.

“உட்காரும்மா. ஜெர்மனிக்கு உன் பேரைப் போட்டிருக்கோம்.”

சுடர்விழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“யோசனை உன்னோடதுன்னு ஆஷிகா குழுக்கிட்ட தெளிவா சொல்லிட்டா. அவளுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்காம். யோசிச்சவங்கதான் முதல்ல போகணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அவங்களுக்கும் அது பிடிச்சிருச்சு. அறிக்கையில உன் பேரை விட்டது என் தப்பு. கையெழுத்துப் போடு.”

ஐந்து வருடமாகக் கேட்டது கையில் இருந்தது. ஆனால் அதையும் ஆஷிகா எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கெட்டிக்காரி அவள்தான், நல்லவளும் அவள்தான். இனி ஊரெல்லாம் என்ன சொல்லும்? ஆஷிகா விட்டுக்கொடுத்து சுடர்விழி போனாள் என்றுதானே? பேனாவை எடுத்தவள் அதைத் தாளில் வைக்கவில்லை.

ஆஷிகா எதிரில் உட்கார்ந்திருந்தாள். களைப்பிலும் முகம் மலர்ந்திருந்தது.

“இந்தத் தகடு எப்படி வந்துச்சு?” என்றாள் சுடர்விழி.

“முந்தாநாள்தான்க்கா வந்துச்சு. குழு வர்றப்ப காட்டி உங்களை அசத்தலாம்னு மறைச்சு வச்சேன். தண்ணி சரியாத்தான் இருந்துச்சு. தப்பு உமியில. உங்க வீட்டு மூட்டையை உதறி, ஒட்டியிருந்ததைக் கூட்டி எடுத்துப் போட்டேன், வந்துடுச்சு. புது மூட்டையிலதான் என்னவோ…”

சுடர்விழி அவளை முடிக்க விடவில்லை.

“புழுங்கல்னு உனக்கு யாரு சொன்னா?”