கோழிக்குத் தெரிந்த மொழி

1

என் மகள் கோழியைத் திட்டியதில் பிறந்தது இந்தக் கதை. திட்டியது எங்கள் மண்ணின் பழைய மொழியான குவாரானியில், இறந்துபோன அவள் அப்பாவின் தொனியில். எனக்குக் கோழிமேல் பொறாமை வந்தது. என் பெயரில் எழுதினால் பொறாமை கூச்சப்பட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எனவே சுனில்டா என்று ஒருத்தியை வைத்துக்கொள்கிறேன். மகள் அராசெலி, ஏழு வயது. கணவன் போர்ஃபிரியோ.

2

பராகுவாரி ஊரில் அன்று மழை பெய்து

(வேண்டாம். அன்று மழையில்லை.)

பிள்ளை பிறக்கும் முன்பே கணவனும் மனைவியும் ஒப்பந்தம் போட்டார்கள். பிள்ளையிடம் அவன் குவாரானி மட்டும் பேசுவான், அவள் ஸ்பானிஷ் மட்டும். மொழி மாற்றிக் கேட்டால் காதில் விழாததுபோல் இருந்துவிட வேண்டும். அப்போதுதான் இரண்டும் நிலைக்கும் என்றாள் சுனில்டா. யோசனை அவளுடையது.

அதை அவள் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடித்தாள். அம்மாவுக்குக் குவாரானியே தெரியாது என்று பிள்ளை நம்பிவிட்டது. (சந்தையில் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். பிள்ளை கூட இருந்தால் கிழங்குக்காரியிடமும் ஸ்பானிஷ்தான். "பெரிய சீமாட்டி" என்று சந்தைக்காரிகள் குவாரானியில் சொன்னதையும் கேட்காதவள்போல் வாங்கிக்கொண்டாள்.)

போர்ஃபிரியோவுக்கு இது கொண்டாட்டம். சாப்பிடும்போது மகளிடம் சொல்வான்: "உங்கம்மா இன்னைக்கும் உப்புப் போட மறந்துட்டா. மூஞ்சியில காட்டிக்காமத் தின்னு, குட்டி."

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சுனில்டா தன் சிரிப்பை மரவள்ளிக்கிழங்கோடு விழுங்கிவிட்டு, என்ன சிரிப்பு என்று ஸ்பானிஷில் கேட்பாள். ஒன்றுமில்லை என்பார்கள் இருவரும். சிரிப்பெல்லாம் அவன் மொழியில். பல் தேய், பாடம் எழுது என்பதெல்லாம் அவள் மொழியில்.

3

பிறகு ஒரு நாள் போர்ஃபிரியோ

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.)

ஒன்பது நாள் ஜெபம் முடிந்து உறவுகள் கலைந்தபோது சுனில்டாவுக்கு ஓர் அற்ப எண்ணம் வந்தது: இனி மகளின் சிரிப்பும் பேச்சும் எல்லாம் என்னிடம்தான் வரும். வரவில்லை. முற்றத்துக் கோழியிடம் போயிற்று.

சில மாதம் கழித்து ஒரு நாள் அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில், கோழியை மடியில் அமுக்கிக்கொண்டு, அம்மாவுக்குப் புரியாது என்ற தைரியத்தில் மகள் குவாரானியில் பேசினாள்:

"ஏய் திருடி, தீனியெல்லாம் ஒருத்தியே தின்னுட்டியா? சரி, ஒண்ணு சொல்றேன் கேளு. அப்பா குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருது. அதான் அவரு மாதிரியே உன்னத் திட்டிப் பாக்குறேன்."

கத்தி நின்றுவிட்டது. மகள் நிமிர்ந்து ஸ்பானிஷில் கேட்டாள்: "கைய வெட்டிக்கிட்டியாம்மா?"

4

ஒரு முடிவு: சுனில்டா குவாரானியில் பதில் சொல்கிறாள். அவன் பேசியதெல்லாம் அவளிடம் இருக்கிறது, உப்பு உட்பட. மகளுக்கு அப்பா கொஞ்சம் திரும்பக் கிடைப்பார். ஆனால் தானும் அப்பாவும் மட்டுமே சிரித்த சிரிப்பில் மூன்றாவதாக ஒரு காது இருந்தது தெரிந்துவிடும். கோழியிடமும் பேச்சு நின்றுபோகலாம்.

இன்னொரு முடிவு: "இல்லடி, வெட்டல" என்று ஸ்பானிஷில் சொல்லிவிட்டு உரிக்கிறாள். எல்லாம் கோழிக்கே.

இரண்டையும் எழுதினேன், இரண்டையும் அடித்தேன். கிழங்கு பாதி உரிந்து கிடக்கிறது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எந்த மொழியில் வாயைத் திறக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள்.