வெள்ளிக்கிழமை நான் கொன்ற கதாநாயகன்

1

ஒரே ஒரு பேனாவால் நான் ஒரு கதாநாயகனைக் கொன்றிருக்கிறேன். மற்ற எல்லா ஊர்களிலும் அவன் உயிரோடு இருந்தான், கல்யாணம் செய்துகொண்டான், மாலையும் கழுத்துமாகச் சிரித்தபடி நின்றான். எங்கள் ஊரில் மட்டும், நான் பத்திரிகையில் எழுதிய மூன்று வரிக்குக் கட்டுப்பட்டு, நாற்பத்தொரு நாள், தினம் மூன்று காட்சி, தவறாமல் செத்தான்.

நீங்கள் நம்ப வேண்டாம். என் மனைவியின் தம்பியும் நம்பவில்லை. அந்தப் படத்தை ஓட்டிய ஆபரேட்டர் அவன்தான்.

இந்தக் கதை பிறந்த விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் ஒரு நாளிதழில் 'இந்த வாரம் திரைக்கு வரும் படங்கள்' எழுதி ஓய்வு பெற்றவன் நான். போன திங்கட்கிழமை அதன் வார இணைப்பு ஆசிரியை போனில் கூப்பிட்டாள்.

"சார், வெள்ளிக்கிழமை ஆறு படம் வருது. எழுதற ஆள் லீவுல போயிட்டார். ஒரு ஆயிரம் வார்த்தை தர்றீங்களா?"

தருகிறேன் என்றேன். ஆறு படங்களின் விளம்பரங்களும் வந்து சேர்ந்தன. ஆறுமே 'இதுவரை யாரும் தொடாத கதைக்களம்'. ஆறிலும் கதாநாயகன் மழையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ஒன்றில் கையில் கோடரி, இன்னொன்றில் கைக்குழந்தை, நாலாவதில் இரண்டும். கதையைக் கேட்டதும் தயாரிப்பாளர் கண்கலங்கிவிட்டார் என்று ஆறு இயக்குநர்களும் பேட்டி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் தயாரிப்பாளர்கள் படம் வெளியான பிறகுதான் அழுவார்கள்.

2

தொடக்கம் ஒன்று: "இந்த வாரம் வெளியாகும் முதல் படம், ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பாசப் போராட்டத்தை"

(விட்டுவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

தொடக்கம் இரண்டு: "மழை பெய்துகொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஏனென்றால்"

(ஏனென்று எனக்கும் தெரியவில்லை. இயக்குநருக்கும் தெரிந்திருக்காது.)

தொடக்கம் மூன்றுதான் நீங்கள் மேலே படித்த கொலை. அதை அனுப்பிவைத்தேன். அடுத்த நிமிஷமே போன்.

"சார், படத்தைப் பத்திக் கேட்டா கொலையை அனுப்பறீங்க."

"அதுவும் படத்தைப் பத்தினதுதாம்மா."

"நடந்ததா, நீங்களா விட்டதா? நடந்ததுன்னா கட்டுரைப் பக்கம். விட்டதுன்னா கதைப் பக்கம். புதன்கிழமைக்குள்ள சாட்சி ஒருத்தரைக் காட்டுங்க."

கதைப் பக்கத்தில் என் பெயர் வருவதா? முப்பத்திரண்டு வருஷம் கற்பனையாக எழுதியவன்தான், ஆனால் ஒரு நாளும் கதைப் பக்கத்தில் எழுதியதில்லை. கௌரவம் என்று ஒன்று இருக்கிறது.

3

சாட்சி என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான். நான் எழுதும் தாள்களை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்து, பிடிக்காத இடத்தில் பென்சிலால் அடிக்கிறான்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. முப்பது வருஷம் ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டை வழியாக உலகத்தைப் பார்த்தவன். இன்றைக்கும் வீட்டு டிவியைப் பார்க்க ஒரு கண்ணை மூடிக்கொள்வான். நான் ஒரு நாளைக்கு ஐம்பது பெருமை பேசுவேன். கேட்பவர்கள் தங்கள் அவநம்பிக்கையை ஐம்பதுக்கும் பங்கிட்டுக்கொள்வார்கள். அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமைதான். உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், சாப்பிட்டுக் கைகழுவும் இடத்தில் அதைச் சொல்வான்.

"என் கையில எந்தப் படமும் ஒரு அடி கூடக் குறைஞ்சதில்ல."

கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள். இங்கேதான் சிக்கல். என் கொலை நிஜமென்றால் அவன் பெருமை போச்சு. அவன் பெருமை நிஜமென்றால் நான் கதைப் பக்கம்.

(இவனைக் கெட்டவனாக்கினால் கதை விறுவிறுப்பாகும் என்று, "அவன் கண்களில் ஒரு குரூரம்" என்று ஆரம்பித்தேன். அவன் அதை அடித்துவிட்டு, ஓரத்தில் "கண்ணாடி பவர் மாத்தணும், அவ்வளவுதான்" என்று எழுதினான்.)

4

நடந்தது இது.

படம் வெள்ளிக்கிழமை வரும். என் பத்தி புதன்கிழமையே அச்சுக்குப் போய்விடும். ஆகவே நான் எழுதிய எந்தப் படத்தையும் நான் பார்த்ததில்லை.* விளம்பரக்காரர் ஒரு புகைப்படமும் அரைப்பக்கக் கதையும் கொடுப்பார். கதையின் கடைசி வரி எப்போதும் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'. அந்த மீதியைப் புகைப்படத்தைப் பார்த்து நான் கண்டுபிடிப்பேன்.

[* படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களின் எழுத்தையும் படித்திருக்கிறேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.]

அந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு முறை சறுக்கியிருந்தேன். ஒரு பேய்ப் படத்தைக் 'குழந்தைகளுடன் கண்டு களிக்கலாம்' என்று எழுதிவிட்டேன். இன்னொரு படத்தில் கதாநாயகியை நாயகனின் தங்கை என்று எழுதிவிட்டேன். டூயட் ஆரம்பித்ததும் அரங்கமே முகம் சுளித்ததாம். ஆசிரியர் கூப்பிட்டார்.

"இன்னொரு தப்பு வந்தா உங்களை இரங்கல் விளம்பரத்துக்கு மாத்திடுவேன். அங்க எல்லாக் கதைக்கும் ஒரே முடிவுதான்."

"அங்கயும் தப்பு வந்தா சார்?"

"வீட்டுக்கு."

அந்தப் படத்துக்கு வந்த புகைப்படத்தில் நாயகன் கணுக்கால் அளவுத் தண்ணீரில் கண்மூடிக் கிடந்தான். நாயகி அவன் மார்பில் விழுந்து அழுதாள். இதற்கு மேல் என்ன தடயம் வேண்டும்? எழுதினேன்: "முதல் பாதி கலகலப்பு. இறுதியில் நாயகன் உயிர்விடும் காட்சி உருக்கம். கைக்குட்டை அவசியம்."

வியாழக்கிழமை மத்தியானம் விளம்பரக்காரர் அலுவலகப் படியேறி வந்தார். அதற்குள் அச்சாகிக் கட்டுக்கட்டாக அடுக்கியாகிவிட்டது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க. கடைசி ரீல்ல அவன் எழுந்து உக்காந்து கல்யாணம் பண்ணிப்பான் சார்."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள், செருப்பை மாட்டினாள். "தம்பியைப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள். (இந்த வரிக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. ஆயிரம் வார்த்தை கேட்டிருக்கிறார்களே என்று சேர்த்தேன்.)

மறுநாள் பகல் காட்சி விடுகிற நேரத்துக்குத் தியேட்டருக்கு எதிரே பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. வந்தவர்கள் அத்தனை பேர் கண்ணும் சிவப்பு. ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவளிடம் மூக்கைச் சிந்தியபடி சொன்னாள்:

"பேப்பர்ல போட்டிருந்தான்டி. அதான் கைக்குட்டை ரெண்டா கொண்டுவந்தேன்."

பாராட்டி நாற்பது கடிதங்கள். (அவன் அடித்துவிட்டு "நாலு" என்று திருத்தினான். எண்ணிக்கை இவனுக்கு எப்படித் தெரியும்?) இரங்கல் விளம்பரத்துக்கு வேறொருவர் போனார். பல வருஷம் கழித்து டிவியில் அதே படம். நாயகன் தண்ணீரிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். ஊரே வாயைப் பிளந்தது.

5

முடிவு அ: என் எழுத்தின் வலிமையால், திரையில் கல்யாணம் நடந்தும் மக்கள் கண்ணுக்குச் சாவுதான் தெரிந்தது.

(பென்சில்: "சும்மா.")

முடிவு ஆ: என் மூன்று வரியைப் படித்த இயக்குநர் மனம் மாறி, எங்கள் ஊருக்கு மட்டும் முடிவை மாற்றிக்கொடுத்தார்.

(பென்சில்: "அந்தாளுக்கு நம்ம ஊர் எந்தப் பக்கம்னே தெரியாது.")

முடிவு இ: நாயகன் தண்ணீரில் விழுந்ததும் ஆபரேட்டர் உண்ட மயக்கத்தில் தூங்கிவிட்டான். பதினாலாவது ரீலை மாட்டவே இல்லை.

பென்சில் நின்றது.

"யாரு தூங்கினது?"

"ஆபரேட்டர்."

"தினமுமா?"

"நாற்பத்தொரு நாளும். ஏதோ தூக்க வியாதின்னு இரக்கமா ஒரு பாரா சேர்த்திருக்கேன்."

"அத்தான், இதை அடிங்க."

"பென்சில் உன் கையிலதானே மச்சான் இருக்கு. அடிச்சுட்டு, பதிலா என்ன நடந்ததுன்னு எழுது."

"ஒண்ணும் நடக்கல."

"அப்ப தூங்கினது இருக்கட்டும். கதைப் பக்கம்தானே, யார் நம்பப் போறாங்க?"

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "போட்டோ வேணும்னா அவன் சோபாவுல குறட்டை விடறது ஒண்ணு இருக்கு. தரவா?"

அவன் அக்காவின் குரல் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கண்ணாலும்.

6

மூன்று முடிவுகள் தந்துவிட்டேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாரப் படங்களும் அதைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கின்றன. ஆறிலும் நாயகன் பிழைத்துக்கொள்வான் என்று முதுகைப் பார்த்தாலே தெரிகிறது. உங்கள் ஊர் ஆபரேட்டரின் அக்கா யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறாளோ, அது எனக்குத் தெரியாது.

கடைசித் தாளின் ஓரத்தில் அவன் பென்சிலால் எழுதியிருப்பதை மட்டும், பாதியில் விட்ட முதல் வரியோடு, அப்படியே அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"என் கையில எந்தப் படமும் ஒரு அடி கூட

நான் தூங்கல. பதினாலாவது ரீலை எடுத்து பெஞ்சுக்கு அடியில தள்ளிட்டு, அது மேலயே உக்காந்திருந்தேன். ஒரு பழைய படத்துலேர்ந்து 'முற்றும்' வெட்டி பதிமூணோட வால்ல ஒட்டினேன். படம் சின்னதா இருக்கேன்னு மேனேஜர் கேட்டார். நல்ல படம் அப்படித்தான் தெரியும்னு சொன்னேன். அந்த வியாழக்கிழமை அக்கா வந்து படியில உக்காந்தா. எதுவும் கேக்கல. அழுதா, அவ்வளவுதான். நாற்பத்தொரு நாள் இல்ல அத்தான், பதினெட்டு. பத்தொன்பதாவது நாள் படப் பெட்டி அடுத்த ஊருக்குப் போச்சு. அங்க அவன் எழுந்து உக்காந்தான். கட்டுரைப் பக்கத்துலயே போடச் சொல்லுங்க."